விலாசம் மாறி வந்த பலகை

ஏழாம் வகுப்பில் ‘இயற்கை வளங்களும் அவற்றின் பாதுகாப்பும்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. அதற்கு வெளியிலிருந்து அனுபவமுள்ள ஓர் ஆளை அழைத்துப் பேசவைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்ததாம். ஹந்தானைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் ரிஸ்வானா டீச்சர் கெலிஓயாவிலிருந்து பஸ் ஏறி வந்து, மஹய்யாவையில் என் வீட்டை விசாரித்துப் பிடித்தார். முதலில் காட்டிலாகா அதிகாரி ஒருவரைக் கேட்டாராம், அவருக்கு நேரமில்லை. பிறகு ஒரு பொறியியலாளரைக் கேட்டாராம், அவர் பதிலே போடவில்லை. மூன்றாவதாக என்னிடம் வந்திருக்கிறார். இதை ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்துப்போனது.

“அரை மணித்தியாலம் பேசினாப் போதும், சேர். தண்ணிய எப்படிச் சேமிக்கிறதுன்னு பத்து வழி சொல்லுங்க. பிள்ளைகள் கொப்பியில எழுதிக்குவாங்க” என்றார்.

பேசிய பிறகு நான் நிரப்பிக் கொடுக்க வேண்டிய படிவம் ஒன்றையும் தந்தார். அதில் கடைசி வரி இது: ‘மாணவர்கள் தண்ணீரைச் சிக்கனமாகப் பாவிப்பதை நேரில் பார்த்தேன்.’ அதற்குக் கீழே கையொப்பத்துக்கு ஒரு கோடு.

முப்பத்தொரு வருடம் தண்ணீர்ப் பகுதியில் வேலை பார்த்தவனுக்குப் பத்து வழி தெரிந்திருக்க வேண்டும்தான். இரண்டு நாள் யோசித்தேன். பல் விளக்கும்போது குழாயை மூடு என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கடைசியில், எங்கள் குசினியில் சமையல் மேடைத் தண்ணீர்க் குழாய்க்கு மேலே மாட்டியிருக்கும் தகரப் பலகையைக் கழற்றிப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். அன்று பிள்ளைகளிடம் சொன்னதையும், சொல்லாமல் விழுங்கிய ஒன்றிரண்டையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது முதல் மூன்று வருடம் குழாய் பதிக்கக் கிடங்கு வெட்டினேன். அடுத்த நான்கு வருடம் மற்றவர்கள் கிடங்கு வெட்டுவதைப் பார்த்தேன். அதன் பிறகு வால்வு திறந்து மூடும் வேலை கிடைத்தது. பயிற்சி என்று சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

மற்றதெல்லாம் எங்கள் வேலையை மேற்பார்வை செய்த கணபதிப்பிள்ளை ஓவசியரிடம் படித்தது. யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டையோடு சேற்றுக்குள் இறங்கி, வெள்ளைச் சட்டையோடு வெளியே வருவார். எப்படி என்று நான் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. குழாயில் கை வைக்குமுன் மணிக்கூட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார். நாங்கள் எதைச் சொன்னாலும், சொல்லி முடியும்வரை காத்திருந்து, ஒரே கேள்வியை மூன்றாகக் கேட்பார்.

“பாத்தனீரோ, தொட்டனீரோ, ஆரும் சொன்னவையோ?”

பார்த்தேன் என்றால் எழுதிக்கொள்வார். தொட்டேன் என்றால் இன்னும் கவனமாக எழுதிக்கொள்வார். யாரோ சொன்னார்கள் என்றால் பேனையை மூடிவிட்டு, நாங்கள் போய்ப் பார்த்து வரும்வரை தேநீர் குடிப்பார். அதனால் அவர் நாளொன்றுக்கு எட்டு ஒன்பது தேநீர் குடித்தார்.

ஹந்தானைச் சரிவில் எங்களுக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி இருந்தது. மலை ஓடைத் தண்ணீர் அதில் வந்து விழும். தினமும் காலை ஆறரைக்கு நான் அங்கே ஏறிப் போய், நீல வாளியிலிருந்து குளோரின் தூளை அளந்து கலக்குவேன். அங்கிருந்து ஒரு குழாய் புறப்பட்டு, முதலில் தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் மேல் லயத்துப் பன்னிரண்டு வீடுகளுக்கும் பொதுவான ஒரே குழாயடிக்கும், பிறகு கீழ்ரோட்டு வீடுகளுக்கும் போகும். இடையில் ஒரு பள்ளத்துக்கு மேலே கழிவு வால்வு ஒன்று உண்டு. குழாய்க்குள் சேரும் மண்ணை வருடம் இரண்டு முறை அதன் வழியாகத் திறந்துவிட்டுக் கழுவுவோம். வால்வு ரோட்டோரக் குழிக்குள் இருக்கும். தண்ணீர் வெளியேறும் வாய் மட்டும் அறுபதடி கீழே, பள்ளத்தின் அடியில் இருக்கும்.

இதைக் கழுவ ஓவசியர் எழுதி வைத்த முறை இருந்தது. திறக்க வேண்டும். தெளிந்த தண்ணீர் வரும்வரை விட வேண்டும். மூட வேண்டும். பிறகு பள்ளத்தில் இறங்கி, வாய் நின்றுவிட்டதா என்று பார்த்து, உள்ளே கைவிட்டுத் தொட வேண்டும். மேலே ஏறி வந்து புத்தகத்தில் ‘மூடினேன், வாயைப் பார்த்தேன்’ என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

ஒரு வருடம் மார்கழியில் ஒருநாள் காலையிலேயே பண்டார என்ற சக தொழிலாளி வால்வைப் பாதி திறந்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார். பின்னேரம் மூடுவது என் பொறுப்பு. மழை தூறிக்கொண்டிருந்தது. ‘T’ வடிவ நீளச் சாவியைக் குழிக்குள் விட்டு, வலப்பக்கமாகத் திருப்பினேன். ஏழு திருப்பில் இறுகிவிட்டது. பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். பாதை வழுக்கல், காலில் ஏறும் அட்டை வேறு. நான்கு மணி பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் இருந்தது. குழியின் மூடியை மேசையாக வைத்து, ‘வாயைப் பார்த்தேன்’ என்று எழுதினேன்.

மறுநாள் ஓவசியர் கேட்டார். “வாய் நிண்டதைப் பாத்தனீரோ, செபஸ்தியான்?”

“பாத்தேன், சேர்” என்றேன், வாய் கூசாமல்.

எங்கள் பகுதியில் ஏறக்குறைய எல்லா வால்வும் வலப்பக்கம் திருப்பினால் மூடும். நாலைந்து மட்டும் இடப்பக்கம் மூடும். அந்தக் குழியில் இருந்த பழைய வால்வை ஒக்டோபரில் மாற்றியபோது, நான் மகள் கோயிலில் முதல் நன்மை வாங்குவதற்காக லீவில் நின்றேன். புதிதாகப் போட்டது இடப்பக்கம் மூடும் வால்வு. அதன் தலையில் அம்புக்குறி போட்டிருந்தார்கள். அதன்மேல் சேறு படிந்திருந்தது. பண்டார பாதி திறந்ததை நான் முழுதாகத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போய் மீன்குழம்பு சாப்பிட்டேன்.

மழைக்காலம் முடியும்வரை யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பள்ளத்தில் எப்படியும் தண்ணீர் ஓடும். மாசியில் மலை ஓடை மெலிந்ததும் தாங்கி நிரம்பவில்லை. கீழ்ரோட்டு வீட்டுக்காரர்கள் தண்ணீர்ப் பகுதிக் கந்தோருக்கு டெலிபோன் எடுத்தார்கள். மேல் லயத்தார் நேரில் வந்து கந்தோர் வாசலில் நின்றார்கள். காரணத்தைக் கண்டுபிடித்து எழுதித் தரும்படி என்னை அனுப்பினார்கள். ஓவசியர் ஒரு மாத லீவில் ஊருக்குப் போயிருந்தார்.

மேல் லயத்துக்குப் போனேன். நாற்பது வயது தாண்டிய ரெஜினாக்காதான் அங்கே முன்னுக்கு நின்று பேசுகிறவர். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலை. அங்கே செபமாலை சொல்வதென்றாலும் சண்டை விலக்குவதென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வீட்டோரத்தில் போஞ்சிக் காய்ப் பாத்தி பச்சைப்பசேலென்று இருந்தது. பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய் கிடந்தது.

“குடிக்கவே தண்ணி இல்லங்கிறீங்க, போஞ்சிக்கு மட்டும் எங்கருந்து வருது?” என்று கேட்டேன்.

“அது குளிச்ச தண்ணி, ஐயா. குளிக்கிற எடத்துலருந்து ஓஸ் போட்டு விட்டிருக்கோம். பின்னால வந்து பாருங்க.”

நான் பின்னால் போகவில்லை. போய்ப் பார்ப்பதில் எனக்கு அந்த நாட்களில் ஒரு சோம்பல் இருந்தது. ‘பாவனையாளர்களின் வீண்விரயமே காரணம்’ என்று அறிக்கை எழுதினேன். நல்ல கையெழுத்து என்று மேலதிகாரி பாராட்டினார்.

அந்த ஒரு வரியால் மேல் லயத்துக் குழாய்க்குப் பூட்டுப் போட்டார்கள். கிழமைக்கு இரண்டு நாள் பவுசர் வண்டியில் தண்ணீர் வரும். அதுவும் கீழ்ரோட்டோடு நின்றுவிடும், மேலே ஏறாது. கூடவே நீலத் தகரப் பலகை ஒன்றும் வந்தது. ‘தண்ணீர் நாட்டின் செல்வம். அதை வீணாக்காதீர்கள்.’ பூட்டிய குழாய்க்கு மேலே நானே இரண்டு ஆணி அடித்து அதை மாட்டினேன். ஒரு சொட்டும் வராத குழாயில் எதை வீணாக்குவார்கள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

தவக்காலம் தொடங்கிய நேரம், மேல் லயத்துப் பள்ளத்தில் புதிதாக ஊற்று வந்திருக்கிறது என்று கோயில் பக்கம் பேச்சு அடிபட்டது. மாதா கொடுத்தது என்றார்கள். லீவு முடிந்து வந்த ஓவசியரின் காதிலும் விழுந்தது. வெறும் போத்தல் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

“ஊற்று எண்டால் சந்தோசம். சனம் குடிக்குது. நல்ல தண்ணியோ எண்டு பாத்து, இதில கொஞ்சம் பிடிச்சுக்கொண்டு வாரும்.”

அன்றுதான் அந்தப் பள்ளத்தில் இறங்கினேன். மண்ணில் படி வெட்டியிருந்தார்கள். அடியில் பாசி பிடித்த கல்லிடுக்கிலிருந்து தண்ணீர் அமைதியாக வந்துகொண்டிருந்தது. மேலே ஒரு கல்லில் சாண் உயர மாதா சொரூபம், பக்கத்தில் ஜேம் போத்தலில் பூ, எரிந்த மெழுகுதிரி. ரெஜினாக்கா ஒரு கையால் கேனைப் பிடித்து நிரப்பிக்கொண்டிருந்தார். மற்றக் கை மாவுக்கட்டில் இருந்தது.

“என்ன ஆச்சு கைக்கு?”

“போன கெழம படியில வழுக்கிட்டேன், ஐயா. தண்ணி அம்புட்டும் கொட்டிருச்சு. திரும்ப எறங்கி எடுத்துக்கிட்டுப் போனேன். பொறகுதான் கை வீங்குச்சு.”

கையை விடத் தண்ணீர் கொட்டியதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. ஒரு தம்ளரைக் கழுவி, நிரப்பி என்னிடம் தந்தார்.

“குடிச்சுப் பாருங்க. கொஞ்சம் மருந்து வாசம் வரும். மாதா தண்ணி இல்லியா, அதான். வயித்து வலிக்கு நல்லாக் கேக்குதுன்னு சொல்றாங்க.”

குடித்தேன். நான் மாதாவை நம்புகிறவன். ஆனால் அந்த வாசம் எங்கள் நீல வாளியின் வாசம். அன்று காலை ஆறரைக்கு நான் கலந்த மருந்து அது. தம்ளரைப் பிடித்திருந்த என் விரலிலும் அதே வாசம் இருந்தது.

பாசியைக் கொஞ்சம் விலக்கினேன். உள்ளே இரும்புக் குழாயின் வாய், பாதி மண்ணால் அடைபட்டு இருந்தது. அதனால்தான் தண்ணீர் ஊற்றுப் போல அடக்கமாக வந்திருக்கிறது. “நல்ல தண்ணிதான்” என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.

குழியைத் திறந்து வால்வின் தலையைத் துடைத்தேன். அம்பு இடப்பக்கம் காட்டியது. சாவியை மாட்டினேன். இடப்பக்கமாகப் பதினான்கு தரம் திருப்பினால் போதும். தாங்கி நிரம்பும், குழாய்ப் பூட்டைத் திறப்பார்கள், என் அறிக்கைதான் வேலை செய்தது என்று கந்தோர் நினைக்கும். ஊற்று ஏன் நின்றது என்று யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. ரெஜினாக்கா தங்கள் பாவத்தால்தான் வற்றியது என்று நினைத்து, உடைந்த கையோடு முழங்காலில் நிற்பார். அதை நினைத்ததும் சாவியைக் கழற்றி எடுத்தேன். பிள்ளைகளிடம் இந்த இடத்தைச் சொல்லவில்லை. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கந்தோரில் ஓவசியர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். போத்தலை மேசையில் வைத்தேன்.

“ஊற்றோ?”

“இல்ல, சேர். நம்ம தண்ணி. கழிவு வால்வு தெறந்திருக்கு. நான் மாத்தித் திருப்பிட்டேன்.”

“பாத்தனீரோ, தொட்டனீரோ?”

“குடிச்சேன், சேர்.”

அவர் எழுந்து அலுமாரியிலிருந்து மார்கழிப் புத்தகத்தை எடுத்தார். பக்கத்தைப் புரட்டி என் முன்னால் வைத்தார்.

“இதில ‘வாயைப் பார்த்தேன்’ எண்டு கிடக்கு. ஆர் பாத்தது?”

“யாரும் பாக்கல, சேர்.”

“அப்ப அந்த ரெண்டு சொல்லையும் வெட்டும்.” கோடு போட அடிமட்டத்தைத் தந்தார். “ஒரு கோடுதான். கீழ இருக்கிற எழுத்து வாசிக்கத் தெரியவேணும். பக்கத்தில ‘பார்க்கவில்லை’ எண்டு எழுதி, இண்டைக்குத் திகதி போட்டு ஒப்பம் வையும்.”

வைத்தேன். என் மாசி மாத அறிக்கையையும் எடுப்பித்து, அந்த வரிக்கும் அப்படியே கோடு போடச் சொன்னார். ரெஜினாக்காவின் கை முறிந்ததையும் சொன்னேன். ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“முதல்ல குழாய்ப் பூட்டைத் திறக்க வேணும். பிறகுதான் வால்வை மூடுறது. சனம் ஒரு நிமிசமும் ரெண்டு பக்கமும் தண்ணி இல்லாமல் நிக்கக் கூடாது. கை முறிஞ்ச அந்தப் பிள்ளையிட்ட நீர்தான் சொல்ல வேணும். கந்தோர் சொல்லாது” என்றார். பிறகு, “நானும் வாறன்” என்றார்.

மறுநாள் காலை மேல் லயத்தில் பூட்டைத் திறந்தோம். பெண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஓவசியர் பதினைந்தடி தள்ளி, மணிக்கூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நின்றார். நான் சொன்னேன். வால்வு, பஸ், மழை, பார்த்தேன் என்று எழுதியது, போஞ்சிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பின்னால் போய்ப் பார்க்காதது எல்லாவற்றையும் சொன்னேன்.

ரெஜினாக்கா கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப, இத்தன நாளா நாங்க மெழுகுதிரி கொளுத்துனது ஒங்க வேலைக்கா, ஐயா?”

“ஆமாங்க்கா.”

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “போயி மூடுங்க” என்றார்.

இடப்பக்கம் பதினான்கு திருப்பினேன். பிறகு பள்ளத்தில் இறங்கினேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் இறங்கினேன். ரெஜினாக்காவும் பின்னால் வந்தார். வாயில் தண்ணீர் மெலிந்து, நூலாகி, சொட்டாகி நின்றது. உள்ளே கைவிட்டுத் தொட்டேன். அவர் சொரூபத்தை எடுத்து முந்தானையால் துடைத்து இடுக்கிக்கொண்டார். “பாவம், இவங்க மேல எதுக்குப் பழி” என்று மட்டும் சொன்னார்.

மேலே வந்தபோது குழாயில் தண்ணீர் வரத் தொடங்கியிருந்தது. ரெஜினாக்கா சொரூபத்தைக் குழாய்க்கட்டின் மேல் வைத்தார். பிறகு ஆணியில் தொங்கிய நீலப் பலகையை ஒரு கையாலேயே கழற்றி என்னிடம் நீட்டினார்.

“இது எங்களுக்கு வந்ததில்ல, ஐயா. வெலாசம் மாறி வந்துருக்கு. கொண்டு போங்க.”

நான் ஓவசியரைத் திரும்பிப் பார்த்தேன்.

“எடும்” என்றார் அவர். “சரியான ஆளிட்டத்தான் குடுக்கினம்.”

எழுத்து உள்பக்கமாக வரும்படி பிடித்துக்கொண்டு பஸ்ஸில் மஹய்யாவைக்கு வந்தேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும் கிடைத்தது. அதை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. பலகையைக் குசினியில் மாட்டினேன். ஓய்வு பெறும்வரை எந்த வால்வை மூடினாலும் கீழே இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். அதனால் நான்கு மணி பஸ்ஸைத் தவறவிட்ட நாட்களே அதிகம்.

வகுப்பில் இவ்வளவும் சொல்லி முடித்துப் பலகையைத் தூக்கிக் காட்டினேன். பிள்ளைகள் கொப்பியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. முன் வரிசையில் ஒரு பிள்ளை எழுந்து, “அந்த அக்காவுக்குக் கை சொகமாயிருச்சா, சேர்?” என்று கேட்டது.

“ஆயிருச்சும்மா. மழைக்கு முந்தி கொஞ்சம் நோகும்னு சொல்லுவாங்க.”

பலகையைப் பாடசாலைக் குழாயடியில் மாட்டித் தரும்படி டீச்சர் கேட்டார். “இது என் பேருக்கு வந்தது, டீச்சர்” என்றேன். படிவத்தில் கையொப்பம் வைக்கச் சொன்னார். அந்தக் கடைசி வரியை மறுபடி வாசித்துவிட்டு, இடைவேளை விடும்வரை இருக்கலாமா என்று கேட்டேன்.

இடைவேளையில் குழாயடிக்குப் போய் நின்றேன். சுவரில் பிள்ளைகள் நிறத்தால் எழுதிய மட்டை ஒன்று தொங்கியது. ‘தண்ணீரை வீணாக்காதே.’ கீழே நான்கு குழாய். இருபது நிமிடம் பார்த்தேன். பிள்ளைகள் குடித்தார்கள், முகம் கழுவினார்கள், ஒருவர்மேல் ஒருவர் தெளித்தும் விளையாடினார்கள். ஆனால் மூடாமல் போனவர் ஒருவரும் இல்லை. மூன்றாவது குழாய் மட்டும் மூடிய பிறகும் ஒழுகியது. நானே போய் இறுக்கிப் பார்த்தேன். நிற்கவில்லை.

“பாருங்க சேர், எத்தன தரம் சொன்னாலும் இந்தப் பிள்ளைகள் இறுக்கி மூடுறதில்ல” என்றார் பின்னால் வந்த டீச்சர்.

நான் குழாயில் அவர் கையை வைக்கச் சொன்னேன். அவரும் இறுக்கினார். ஒழுகியது. மட்டையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

படிவத்தைச் சுவரில் வைத்துக் கடைசி வரிக்குக் கீழே எழுதினேன். ‘பார்த்தேன், தொட்டேன். பிள்ளைகள் மூடுகிறார்கள். மூன்றாம் குழாய்க்கு வாஷர் போட வேண்டும்.’ கையொப்பம் வைத்தேன்.